புளித்தண்ணித் தொட்டியில் போட்ட வைசு

நேத்துக் காலையில உங்கள்ல ஒருத்தரு போன்ல படம் அனுப்பியிருந்தாரு. பழைய பெஞ்ச் வைசு, பட்டறை மேசையில ரெண்டு தாடையால இரும்பக் கவ்விப் பிடிக்குமே, அது. பெயிண்ட உரிச்சு, தேச்சு, எண்ணெய் தடவி, கல்யாண மாப்பிள்ள கணக்கா நிக்க வச்சு எடுத்த படம். கீழ ஒரு கேள்வி: "அண்ணே, இது எந்த ஊரு வைசு, எந்தக் காலத்துதுன்னு சொல்லுங்க." என்னத்தச் சொல்ல? அது சொல்ல வேண்டியதையெல்லாம் கழுவிச் சாக்கடையில ஊத்திட்டு எங்கிட்ட வந்து கேட்டா, நான் என்ன சோழி உருட்டியா பாக்க முடியும்?

கோவிச்சுக்காதீங்க. எனக்கு வாய் கொஞ்சம் நீளம், அதுக்கு வீட்டுலயும் தெனம் வாங்கிக் கட்டிக்கிறேன். பழைய வைசத் தேடிப் பிடிச்சு, அடையாளம் கண்டு, சரிபண்ணி விக்கிற இந்தப் பொழப்புக்கு நீங்க புதுசா வந்திருக்கீங்க. திருகுக்கு எப்படி மரை எடுக்குறது, தாடைத் தகட்ட எப்படி மாத்துறதுங்குறதெல்லாம் நீங்களே கத்துக்குவீங்க. அதுக்கு நான் வேணாம். நான் சொல்லப்போறது வேற, கேக்குறதுக்கு அவ்வளவு சுகமாவும் இருக்காது.

கம்பெனிப் பேரு எழுத்து இருக்குற வைச யாரு வேணாலும் அடையாளம் சொல்லிடலாம். எழுத்து தேஞ்சு போனதுக்கு அழுக்குதான் ஜாதகம். படகு எஞ்சின் பாக்குற பட்டறையில கெடந்ததுன்னா திருகுப் பள்ளத்துல உப்பு பூத்திருக்கும், ஒண்ணு ரெண்டு மீன் செதிலு கூட ஒட்டிக்கிட்டிருக்கும். அரிசி ஆலையில இருந்து வந்ததுன்னா உமித்தூசி எண்ணெயில கொழஞ்சு தார் மாதிரி அப்பியிருக்கும். சைக்கிள் கடை வைசு நடுத்தாடையில மட்டும் தேஞ்சிருக்கும். பெயிண்ட ஓரத்துல லேசா சொரண்டுனா அடியில எத்தன வண்ணம் இருக்கோ அத்தன எடம் மாறியிருக்குன்னு அர்த்தம். இதையெல்லாம் பாத்துட்டு அப்பறமா பிரஷ எடுக்கணும்.

ஏமாத்துற ஆளுங்களும் இருந்தாங்க. நாகூர்ப் பக்கம் ஒருத்தரு புது வைச வாங்கி, கொல்லையில உப்பு மண்ணுல பொதச்சு வச்சு, ஒரு மழைக்காலம் கழிச்சு தோண்டி எடுத்துட்டு வந்து "பிரெஞ்சுக்காரன் காலத்து வைசுங்க, எங்க தாத்தா துறைமுகத்துல வேல பாத்தாரு"ன்னு கதை விட்டாரு. அப்ப எங்க காரைக்கால்ல பழைய சீமை இரும்புன்னா தனி மரியாத. எங்க மேஸ்திரி அந்த வைசக் கையால கூடத் தொடல. "துரு நல்லா வந்திருக்கு. தேய்மானம் எங்க? உங்க தாத்தா துறைமுகத்துல வேல பாத்தாரா, தூங்குனாரா?"ன்னு கேட்டாரு. அந்த ஆளு சிரிச்சுக்கிட்டே தூக்கிட்டுப் போயிட்டாரு.

இந்த மேஸ்திரியப் பத்தித்தான் சொல்லணும். பேரு வேணாம், போய்ச் சேந்துட்டாரு. எழுபதுகளோட கடைசியில நான் அவரோட தலத்தெருப் பட்டறையில வேலையில இருந்தேன். மூடிப்போற பட்டறைங்க, ஏலத்துக்கு வர்ற பழைய சாமான்னு நாங்க போயி வைசுங்கள எடுத்துட்டு வருவோம். சரிபண்ணி ஆலைங்களுக்கும் படகுப் பட்டறைங்களுக்கும் குடுப்போம். மேஸ்திரி குடுத்த வைசுன்னா கண்ண மூடிக்கிட்டு வாங்கலாம்னு பூவத்துல இருந்து பட்டினம் வரைக்கும் பேச்சு இருந்துச்சு. அந்தப் பேச்சுதான் அவருக்குச் சொத்து. அத அவரு பொத்திப் பொத்தித்தான் வச்சிருந்தாரு.

பட்டறைக்குப் பின்னால ஒரு சிமெண்டுத் தொட்டி. பழம்புளியக் கரைச்சு ஊத்தி வச்சிருப்போம். கடக்காத்து அடிக்கிற ஊரு, துருப்பிடிக்காத இரும்பே வராது. புளித்தண்ணியில ஒரு நாளு ஊறப் போட்டு எடுத்து கம்பி பிரஷால தேச்சா பிறந்த மேனிக்கு வந்துடும். ஆனா தொட்டியில போடுறதுக்கு முன்னாடி மேஸ்திரி அந்த வைசு பக்கத்துல குந்திக்கிட்டு, வெத்தல போட்டுக்கிட்டு, திருப்பித் திருப்பிப் பாப்பாரு. "பாக்காம போட்டா பாவம்"னு சொல்லுவாரு. இது அவரோட ஒரு வழக்கம்.

இன்னொரு வழக்கமும் இருந்துச்சு. பட்டறையில வேல செய்யறவன் எவனுக்காவது அடிபட்டு, இரும்புல ரத்தம் பட்டுடுச்சுன்னா, அத உடனே கழுவி மஞ்சத்தண்ணி தெளிச்சாத்தான் அடுத்த வேல. ரத்தம் பாத்த இரும்பு இன்னொரு ரத்தம் கேக்கும்னு எல்லாரும் நம்புனோம். வெளியில இருந்து அப்படி ஒரு சாமான் வந்தா, கழுவாம வாசப்படியத் தாண்ட விடவே மாட்டாரு. நானும் அத மீறுனதில்ல, மீறணும்னு நெனச்சதும் இல்ல.

இந்த ரெண்டு வழக்கமும் நல்ல வழக்கம்தான். ஒரு நாளு ரெண்டும் ஒண்ணோட ஒண்ணு மோதிக்கிச்சு. நடுவுல மாட்டுனவன் செல்வராசு.

செல்வராசு போலகத்து ஆளு. விவசாயக் குடும்பம், அவன் மட்டும் ஃபிட்டர் வேல படிச்சு ஒரு பெரிய அரிசி ஆலையில நிரந்தர வேலைக்குப் போயிருந்தான். என்ன விடச் சின்னவன், அண்ணேன்னுதான் கூப்பிடுவான். ஆலைக்கு வைசு குடுக்கப் போனப்ப பழக்கம். அமைதியான பய. கருவியத் தொடச்சு வச்சுட்டுத்தான் சாப்பிடவே உக்காருவான்.

அந்த ஆலையில ஒரு நாளு கனமான ஒரு இரும்புத் தண்ட வைசுல இறுக்கி, அதுல மாட்டியிருந்த பேரிங்க அடிச்சு கழட்டிக்கிட்டிருந்திருக்கான். வைசோட முன் தாடை கழுத்தோட மடார்னு ஒடஞ்சு, தண்டு நழுவி, பெஞ்சு விளிம்புக்கும் தண்டுக்கும் நடுவுல அவன் வலது கை மாட்டிக்கிச்சு. ரெண்டு விரல் போச்சு. மிச்ச விரலும் சரியா மடங்காதுன்னு ஆஸ்பத்திரியில சொல்லிட்டாங்க.

அதோட நிக்கல. வைசு கைப்பிடியில இரும்புப் பைப்ப மாட்டி, அளவுக்கு மீறி இறுக்குனதாலதான் ஒடஞ்சுதுன்னு ஆலை மேனேஜரு சொல்லிட்டாரு. பக்கத்துல ஒரு பைப்பும் கெடந்துச்சு. எந்தப் பட்டறையில கெடக்காது? வைசுக்குப் பைப்பு போடக்கூடாதுன்னு சொவத்துல எழுதியிருப்பாங்க, எழுதுனவனே போடுவான். ஆனா செல்வராசு, "நான் இன்னைக்குப் போடலங்க, சத்தியமாப் போடல"ன்னு ஆஸ்பத்திரிக் கட்டில்ல படுத்துக்கிட்டே சொன்னான். விசாரணை வச்சாங்க. பைப்பு போட்டான்னு முடிவானா வேல போயிடும். வைசு முன்னாடியே விரிசல் விட்டிருந்துச்சுன்னா அவன் மேல தப்பில்ல, உக்காந்து பாக்குற வேல ஏதாவது குடுப்பாங்க. விரல் போனவன் இன்னொரு எடத்துல ஃபிட்டர்னு போயி நிக்க முடியுமா? அவனுக்கு இருந்த ஒரே கதவு அதுதான்.

வார்ப்பு இரும்பு ஒடஞ்சா அதோட ஒடப்பு முகமே சாட்சி சொல்லும். புதுசா ஒடஞ்ச எடம் பொடி உப்பு மாதிரி சாம்பலா மினுமினுங்கும். பழைய விரிசல்னா எண்ணெயும் துருவும் உள்ள எறங்கி, அடிப்பிடிச்ச பால்சட்டி மாதிரி கருத்துப் போயிருக்கும். பாத்தா பச்சப்புள்ள கூடச் சொல்லிடும். விசாரணைக்கு வந்தவரு ஓய்வுபெற்ற ஒரு அதிகாரி. அவரு, "விஷயம் தெரிஞ்ச ஆளுகிட்ட காட்டி அபிப்பிராயம் வாங்குங்க"ன்னு சொல்லியிருக்காரு. மேனேஜரு அந்த வைச யாருக்கு அனுப்புனாரு தெரியுமா? எங்க மேஸ்திரிக்கு. ஏன்னா அந்த வைசச் சரிபண்ணி ஆலைக்கு வித்ததே அவருதான். தன் மோர தானே புளிப்புன்னு எவனாவது சொல்லுவானா? மேனேஜரு கணக்கு அது.

ஒரு சனிக்கிழமை மத்தியானம் மூணு சக்கர வண்டியில சாக்குல சுத்தி வந்து எறங்குச்சு. மேஸ்திரி வெளியூரு போயிருந்தாரு. நான் வாசல்லயே வச்சு சாக்கப் பிரிச்சேன். திருகுலயும் தாடையிலயும் ரத்தம் காஞ்சு கெடந்துச்சு. ஒடஞ்ச கழுத்தத் திருப்பிப் பாத்தேன். பாதிக்கு மேல கருப்பு. தாடைத் தகடு உக்காந்திருக்கும் பாருங்க, அதுக்குப் பின்னால இருந்து விரிசல் ஆரம்பிச்சு எவ்வளவோ நாளா உள்ளுக்குள்ள ஓடியிருக்கு. ஓரத்துல கொஞ்சம்தான் புது ஒடப்பு. யம்மாடி, செல்வராசு பொழச்சான்னு நெனச்சேன். அதே நேரம், வித்தவரு நம்ம மேஸ்திரியாச்சேன்னும் நெனச்சேன்.

அன்னைக்கு சாயங்காலமே செல்வராசோட சம்சாரம் மல்லிகா பட்டறைக்கு வந்துச்சு. கைப்புள்ளைய இடுப்புல வச்சுக்கிட்டு, போலகத்துல இருந்து பஸ் ஏறி வந்திருந்துச்சு. மேஸ்திரி இல்லன்னதும் எங்கிட்ட, "அண்ணே, எங்களுக்காகப் பொய்யெல்லாம் சொல்ல வேணாங்க. உள்ளத உள்ளபடி சொன்னாப் போதும்"னுச்சு.

"பழைய விரிசல்தாம்மா. நான் பாத்துட்டேன். கவலப்படாத. நீயும் வேணா பாரு"ன்னு சாக்கப் பிரிக்கப் போனேன்.

ஒரு ஓரம் விலகுனதுமே ரத்தத்தப் பாத்துட்டு மூஞ்சியத் திருப்பிக்கிச்சு. "வேணாண்ணே, வேணாம். அத மூடிடுங்க. நீங்க பாத்தீங்கல்ல, போதும்." கண்ணு கலங்க கும்பிட்டுட்டுப் போயிடுச்சு. நான் சாக்க மூடி வாசலுக்கு வெளியில, சார்ப்புக்குக் கீழ தள்ளி வச்சுட்டு வீட்டுக்குப் போனேன். மறுநாளு ஞாயித்துக்கிழமை, பட்டறை லீவு.

திங்கக்கிழமை காலையில போறேன், மேஸ்திரி தொட்டிகிட்ட குந்தியிருக்காரு. கையில கம்பி பிரஷ். மடியில அந்த ஒடஞ்ச தாடை. பளிச்சுன்னு இருக்கு. கருப்பும் இல்ல, சாம்பலும் இல்ல, வெள்ளித் தட்டு மாதிரி ஒரே வெளுப்பு.

"மேஸ்திரி... என்ன மேஸ்திரி இப்படிப் பண்ணிட்டீங்க?"

"ரத்தமா இருந்துச்சுடா ரத்தினம். வாசல்லயே வச்சிருக்க. நேத்து வந்து பாத்தேன், ஈ மொய்க்குது. மனசு கேக்கல. கழுவிடலாம்னு போட்டேன்."

"ரத்தத்தத் தண்ணியில கழுவுனாப் போதாதா? புளித்தண்ணியில ஏன் போட்டீங்க?"

பிரஷக் கீழ வச்சாரு.

"ஒடப்பப் பாத்தீங்களா இல்லயா?"

"பாத்தேன்."

"கருப்பா இருந்துச்சுல்ல?"

"இருந்துச்சு."

"அப்பறம் ஏன் மேஸ்திரி?"

தாடையத் தொட்டி விளிம்புல வச்சாரு. அப்பறம் சொன்னாரு, "தெரியலடா. ரத்தத்துக்காகப் போட்டனா, எனக்காகப் போட்டனான்னு நெசமா எனக்கே தெரியல. கை பாட்டுக்கு எடுத்துப் போட்டுச்சு. போட்டதுக்கு அப்பறம்தான் ஐயோன்னு இருந்துச்சு. ஆனா வெளியில எடுக்கல பாரு. அதத்தான் நெனச்சுக்கிட்டு உக்காந்திருக்கேன்."

எனக்கு அவரு மேல வந்த ஆத்திரத்துக்கு அளவே இல்ல. என்ன வேணாலும் பேசியிருப்பேன். ஆனா அவரு மொகத்தப் பாத்தப்ப வாய் எழும்பல. அவரப் பொய்யருன்னு என்னால இன்னைக்கும் சொல்ல முடியாது. யோக்கியருன்னு சொல்லவும் நாக்கு வர மாட்டேங்குது.

இத ஏன் உங்ககிட்ட சொல்றேன்னா, நெருக்கடின்னு ஒண்ணு வர்றப்ப நம்ம புத்தி நமக்குத் தொணையா நிக்காது, வழக்கம்தான் வந்து நிக்கும். நல்ல வழக்கமாவே இருக்கட்டும். அதுக்குப் பின்னால நம்ம பயம் ஒளிஞ்சு நின்னா நமக்கே தெரியாது. ரெண்டு வழக்கம் ஒண்ணோட ஒண்ணு இடிக்குதுன்னா கையக் கட்டிக்கிட்டு ஒரு வெத்தல போடுற நேரம் சும்மா நில்லுங்க. யாரையாவது கூப்பிட்டுப் பக்கத்துல வச்சுக்கங்க. தனியா செய்யாதீங்க. எங்க பட்டறையில அன்னைக்கு அது நடக்கல.

மேஸ்திரி அப்பறம் செஞ்சத நான் எதிர்பாக்கல. "வைசு நல்ல வைசு"ன்னு ஒரு வரி எழுதிக் குடுத்துட்டு இருந்திருக்கலாம். மேனேஜரு எதிர்பாத்தது அதுதான். அவரு வெள்ள வேட்டி கட்டிக்கிட்டு, "வாடா, ரெண்டு பேரும் போவோம்"னு விசாரணைக்குக் கெளம்பிட்டாரு.

ஆலை ஆபீஸ் ரூமு. மேசையில பேப்பர விரிச்சு அந்தத் தாடைய வச்சிருந்தாங்க. ஜன்னல் வெளிச்சம் அது மேல விழுந்து மின்னுது. செல்வராசு கைக்கட்டோட ஓரமா நிக்கிறான். மல்லிகா வாசப்படிகிட்ட நிக்குது. நான் மொதல்ல சொன்னேன், சனிக்கிழமை பாத்தத பாத்தபடி. அப்பறம் மேஸ்திரி பேசுனாரு.

"ஐயா, இது பழைய விரிசல். இந்த வைச நான்தான் சரிபண்ணிக் குடுத்தேன். தாடைத் தகட்டோட திருகு இறுகிப் போயிருந்துச்சு, கழட்டிப் பாக்காம விட்டுட்டேன். கழட்டியிருந்தா விரிசல் தெரிஞ்சிருக்கும். தப்பு என்னோடது. இந்தப் பையன் மேல ஒண்ணுமில்ல."

ஊருல அவருக்கு இருந்த பேரு மொத்தத்தையும் அந்த மேசையில தூக்கி வச்சாரு. மேனேஜரு முகம் சுருங்கிப் போச்சு. கொஞ்ச நேரம்தான்.

"சரிங்க, விரிசல் எங்க? காட்டுங்க"ன்னாரு.

"கழுவிட்டேங்க. ரத்தமா இருந்துச்சு. ரத்தம் பட்ட இரும்ப நாங்க அப்படியே வைக்க மாட்டோம்."

"ரத்தத்தக் கழுவுனீங்க, சரி. விரிசலயுமா கழுவுனீங்க?" மேனேஜரு சிரிச்சாரு. ரூம்ல இருந்த ஒண்ணு ரெண்டு பேரும் சிரிச்சாங்க.

அதிகாரி சிரிக்கல. அவரு நல்ல மனுசன்தான். கண்ணாடியக் கழட்டிட்டு தாடையக் கையில எடுத்து, வெளிச்சத்துல திருப்பித் திருப்பிப் பாத்தாரு. "பெரியவரே, நீங்க இந்தப் பையன் மேல எரக்கப்பட்டு சொல்றீங்களோன்னு எனக்குத் தோணுது. அது தப்பில்ல. ஆனா நான் எழுதணும்னா பாக்கணும். பாக்குறதுக்கு இதுல ஒண்ணுமே இல்லையே"ன்னாரு.

மல்லிகா வாசப்படியில இருந்து எட்டி அந்தத் தாடையப் பாத்துச்சு. பாத்துக்கிட்டே இருந்துச்சு. அப்பறம் செல்வராசப் பாத்துச்சு. நான் அத அப்ப பெருசா எடுத்துக்கல.

செல்வராசுக்கு வேல போச்சு. ஒருத்தர் வித்த வைசுக்கு அவரே குத்தம் சொல்றாருன்னா அதுல ஏதோ உள்குத்து இருக்குன்னு ஊருல பேசுனாங்க. செல்வராசு அழுது காரியம் சாதிக்கப் பாத்தான்னும் பேசுனாங்க. மேஸ்திரி போலகத்துக்கே நேராப் போயி, "எங்கிட்ட வந்துடுப்பா"ன்னு கூப்பிட்டாரு. வேற வழி இல்லாம வந்தான். "பாத்தியா, மொதல்லயே பேசி வச்சிருக்கானுங்க"ன்னு அதுக்கும் ஒரு பேச்சு.

எங்க பட்டறையில அவனுக்கு அலஞ்சு திரிஞ்சு வைசு பாத்துட்டு வர்ற வேல. எங்க ஏலம், எங்க பட்டறை மூடுறாங்கன்னு சைக்கிள்ல போயி பாத்துட்டு வந்து சொல்லுவான். மேஸ்திரியும் அவனும் முகத்துக்கு முகம் பாத்துப் பேசி நான் கண்டதில்ல. சண்டையும் இல்ல. "செல்வராச சாப்பிடச் சொல்லுடா"ன்னு எங்கிட்ட சொல்லுவாரு, அவன் பக்கத்துலதான் நிப்பான். அந்தப் பட்டறையில அப்ப ரேடியோ கூடப் போட மாட்டோம். வேல இருந்துச்சு, வைசு வந்துச்சு, போச்சு. சிரிப்பு மட்டும் இல்லாமப் போச்சு.

ஒரு வருசம் போல ஆயிருக்கும். மத்தியானம் சாப்பிடுறப்ப செல்வராசு தூக்குச்சட்டியத் தொறக்காமயே உக்காந்திருந்தான். என்னடான்னு கேட்டேன்.

"மல்லிகா நம்பலண்ணே."

"எத?"

"நான் பைப்பு போடலங்குறத. வாய் விட்டுக் கேக்கல. ஆனா நம்பல. சோறு போடுறா, புள்ளயப் பாத்துக்கிறா, கைக்குத் தைலம் தேய்க்கிறா. மொகத்த மட்டும் பாக்க மாட்டேங்குறா. என்னைக்காவது நான் அந்தப் பேச்ச எடுத்தா, 'சரிங்க, சரிங்க, விடுங்க'ன்னு எந்திரிச்சுப் போயிடுறா."

எனக்குப் பொறுக்கல. அந்த வாரமே போலகத்துக்குப் போனேன். மல்லிகா பாய் விரிச்சு உக்காரச் சொல்லிச்சு, மோரு குடுத்துச்சு. நான் எல்லாத்தையும் மறுபடி சொன்னேன். "நீ வந்தியே அன்னைக்கு, நான்தான பாத்தேன்னு சொன்னேன். பாதிக்கு மேல கருப்பும்மா. எம் புள்ள மேல சத்தியம்."

பொறுமையா கேட்டுச்சு. குறுக்க ஒரு வார்த்த பேசல. முடிச்சதும் சொல்லுச்சு:

"நீங்க நல்லவங்கண்ணே. அந்தப் பெரியவரும் நல்லவரு. அதனாலதான் அப்படி சொல்றீங்க. ஆனா நானும் கண்ணால பாத்தேனே, மேசையில. பளபளன்னுல்ல இருந்துச்சு. அந்த ஐயா படிச்சவரு, கையில எடுத்துப் பாத்துட்டு ஒண்ணுமில்லன்னுட்டாரே."

"அது கழுவுனதும்மா."

"சரிங்கண்ணே." எனக்காகத் தலையாட்டுச்சு. கொஞ்ச நேரம் கழிச்சு, "அவரு பைப்பு போட்டிருந்தாத்தான் என்ன? அவசரத்துல எல்லாரும் போடுறதுதான். எனக்கு அதுல ஒரு கோவமும் இல்ல. இத்தன நாளா எங்கிட்டயே பொய் சொல்லிக்கிட்டு திரியுறாரே, அதத்தான் தாங்க முடியல. நீங்களாவது எடுத்து சொல்லுங்கண்ணே. ஒரு தடவ உண்மையச் சொல்லிட்டாருன்னா எனக்குப் போதும்"னு கண்ணத் தொடச்சுக்கிச்சு.

மோரக் குடிச்சிட்டு வந்துட்டேன். செல்வராசுகிட்ட, "போனேன், சொன்னேன், கேட்டுக்கிச்சு"ன்னு மட்டும் சொன்னேன். அவன் என் மூஞ்சியப் பாத்தே தெரிஞ்சுக்கிட்டான்.

அதுக்கப்பறம் எவ்வளவு நாளுன்னு ஞாபகமில்ல, அறுப்பு முடிஞ்சு வைக்கோல் வண்டி போயிக்கிட்டிருந்த சமயம். மத்தியானம் மூணு பேரும் பட்டறையில சாப்பிட உக்காந்திருந்தோம். மேஸ்திரி வழக்கம் போல கொஞ்சம் தள்ளி, முதுகக் காட்டிக்கிட்டு. செல்வராசு தூக்குச்சட்டியத் தொறந்தான். மீன் கொழம்பு வாசன பட்டறையத் தூக்குச்சு. ரொம்ப நாளைக்கு அப்பறம் அவன் தலை சீவி, சட்டையெல்லாம் தேச்சுப் போட்டுக்கிட்டு வந்திருந்தான்.

"என்னடா, வீட்டுல விசேஷமா?"

"மல்லிகாகிட்ட ஒத்துக்கிட்டேண்ணே."

"எத ஒத்துக்கிட்ட?"

"பைப்ப நான்தான் மாட்டுனேன்னு."

எனக்குக் கையில எடுத்த சோறு வாய்க்குப் போகல. "ஏன்டா? ஏன்டா பாவி, போடவே இல்லையேடா நீ!"

"போடலதான். ஆனா சொல்லிட்டேன். அவசரமா இருந்துச்சு, பைப்பு போட்டேன், ஒடஞ்சிருச்சு, பயத்துல மறைச்சுட்டேன்னு சொன்னேன். அழுதா. இத அன்னைக்கே எங்கிட்ட சொல்லியிருக்கக் கூடாதான்னு கேட்டா. அப்பறம் இந்தக் கைய எடுத்து மடியில வச்சுக்கிட்டா. காலையில எந்திரிச்சதும் மார்க்கெட்டுக்குப் போயி மீன் வாங்கிட்டு வந்தா." விரல் போன கையால சட்டிய என் பக்கம் தள்ளுனான். "எடுத்துக்கங்கண்ணே. நல்லா இருக்கு."

அந்தப் பக்கம் மேஸ்திரி பாதிச் சாப்பாட்டுல எலைய மூடிட்டு எந்திரிச்சுப் போனாரு. செல்வராசு அவரு போறத ஒரு தடவ பாத்தான். குரலக் கொறச்சுக்கிட்டு எங்கிட்ட சொன்னான்:

"இனிமே நீங்களும் மல்லிகாகிட்ட அது கருப்பா இருந்துச்சுன்னு சொல்லிடாதீங்கண்ணே."

சரின்னேன். இன்னைக்கு வரைக்கும் சொல்லல.